பூசிக்கொண்ட கருமை

மீன்பிடித் தடைக்காலத்தைப் புதுச்சேரி அரசு அறிவிக்கும்போதெல்லாம், வடக்கே கனகசெட்டிக்குளம் தொடங்கித் தெற்கே மூர்த்திக்குப்பம் புதுக்குப்பம் ஈறாக என்று கடலோர எல்லை வகுத்துச் சொல்வது வழக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாள்கள் அந்த எல்லைக்குள் விசைப்படகுகள் கடல் காணாமல் நிற்கும். எல்லையின் தலைமாட்டில் இருக்கும் கனகசெட்டிக்குளத்தின் வழியாகத்தான் கிழக்குக் கடற்கரைச் சாலை புதுச்சேரிக்குள் நுழைகிறது. சென்னையிலிருந்து வரும் படப்பிடிப்புக் குழுக்களின் கேரவன்களும், ஜெனரேட்டர் வண்டிகளும், விளக்குகள் ஏற்றிய சுமையுந்துகளும் இந்த ஊரைத் தாண்டியே பிரெஞ்சுக் காலத்து மஞ்சள் சுவர்த் தெருக்களுக்குச் செல்கின்றன. கதைக்கு வேண்டுமாயின் நம் கடலையும் படமெடுப்பார்கள். படகையும் வலையையும் வாடகைக்குக் கேட்பார்கள். அந்தப் படகைச் செலுத்தும் மனிதரின் முகம் மட்டும் அவர்களுக்குத் தேவைப்படுவதில்லை. முகத்தின் நிறம் தேவைப்படுகிறது. அதை ஒப்பனைப் பெட்டியிலிருந்து எடுத்து வேறொருவர் முகத்தில் பூசிக்கொள்கிறார்கள்.

அந்த வழக்கத்தைப் பற்றியும், அதனால் வாழ்ந்துகொண்டே மேடைதோறும் சமத்துவம் பேசும் நட்சத்திரங்களைப் பற்றியும் நாம் பேசாமல் இருந்தது போதும்.

மீனவர் வாழ்வைத் தமிழ்த் திரை மறந்துவிடவில்லை. 1964இல் 'படகோட்டி' வந்தது, 1992இல் 'செம்பருத்தி', 2013இல் 'மரியான்'. மூன்றிலும் நாயகி மீனவப் பெண். முதற்படத்தில் பி. சரோஜாதேவி, அடுத்ததில் ரோஜா, மூன்றாவதில் பார்வதி. மூவரும் தேர்ந்த கலைஞர்கள். ஒருவர் கன்னட வீட்டிலும், ஒருவர் தெலுங்கு வீட்டிலும், ஒருவர் மலையாள வீட்டிலும் பிறந்தவர் என்பதை நாம் குற்றமாக எண்ணவில்லை. கலைஞரிடம் பிறந்த ஊர் கேட்பது சிறுமை. அந்தச் சிறுமைக்கு இத்தாளில் இடமில்லை. வெளியிலிருந்து வந்தோர்க்கு அகலத் திறந்த வாயில், அரை நூற்றாண்டு கடந்தும் மீன்கூடை சுமக்கும் தாயின் மகளுக்கு ஏன் திறக்கவில்லை என்பதே நம் வினா. அவள் கதை வேண்டும், அவள் பேச்சு வேண்டும், அவள் உடுத்தும் முறை வேண்டும். அவள் வேண்டாம் என்பது எவ்வகை நேர்மை?

நம் ஊர்ப் பாவேந்தர் பாரதிதாசன் தமிழ்ப் படவுலகின் தொடக்கக் காலத்திலேயே, தமிழரின் படத்தில் தமிழரின் சாயலே இல்லையே என்று நொந்து பாடினார். அன்று அவர் கண்டது பேச்சிலும் உடையிலும் இருந்த அயன்மை. பேச்சு பின்னாளில் திருந்தியது, முகம் திருந்தவில்லை.

திருந்தவில்லை என்று முழுதாகச் சொல்லிவிடவும் முடியாது. ஆணின் கருமைக்குத் தமிழ்த் திரை இடங்கொடுத்தது. 1975இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ஒரு வாயிற்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த ரஜினிகாந்த், சிவந்த மேனியே நாயகனுக்கு இலக்கணம் என்றிருந்த காலத்தை முடித்துவைத்தார். விஜயகாந்த், முரளி, தனுஷ், விஜய் சேதுபதி என்று அந்த வரிசை வளர்ந்தது. இந்தியாவின் வேறு பல மொழித் திரைகள் இதைச் செய்யவில்லை. தமிழ் மக்கள் செய்தார்கள். ஆனால் அதே மக்களின் பெயரால், அதே நாயகர்களின் அருகில், கறுத்த பெண் நிற்கும் உரிமை மறுக்கப்பட்டது. ஐஸ்வர்யா ராஜேஷ் போன்ற ஒருவர், தம் நிறத்தைக் காட்டித் தம்மைத் திருப்பி அனுப்பிய வாயில்களைப் பற்றிப் பொதுமேடையில் பேச வேண்டியிருந்தது. ஆண் கறுத்திருந்தால் அது உழைப்பின் அடையாளம், மண்ணின் அடையாளம். பெண் கறுத்திருந்தால் அவள் தோழி, அல்லது வேலைக்காரி, அல்லது நகைச்சுவை.

நகைச்சுவை என்ற சொல்லில் சற்று நிற்க வேண்டும். 2007இல் ஏவி.எம். தயாரித்து ஷங்கர் இயக்கி ரஜினிகாந்தே நாயகனாக நடித்த 'சிவாஜி' வெளியாயிற்று. நாயகி தன் நிறத்தைக் குறை சொன்னாள் என்று நாயகன் வெளுக்க முயல்வான். ஒரு பாட்டு முழுவதும் கணினியின் துணையால் வெள்ளையர் நிறத்தில் தோன்றுவான். அதையேனும் விளையாட்டு என்று விட்டுவிடலாம். அந்தப் படத்தில் அண்டை வீட்டில் இரு பெண்கள் இருக்கிறார்கள். இயல்பான கருமை போதாதென்று மேனி முழுதும் கருமை பூசப்பட்ட பெண்கள். அவர்கள் கதவைத் திறந்து வெளியே வருவதே நகைப்பு; அவர்களைக் கண்டு நாயகன் அஞ்சுவது மேலும் நகைப்பு. அப்பெண்களுக்கு வைத்த பெயர்கள் அங்கவை, சங்கவை.

பறம்பின் கோமான் பாரியின் மகளிர்க்குத் தமிழ் மரபு வழங்கும் பெயர்கள் அவை. மூவேந்தர் சூழ்ச்சியில் தந்தையையும் குன்றையும் ஒருங்கே இழந்து நின்ற அம்மகளிரின் துயரம் புறநானூற்றில் ஒரு பாட்டாக நின்று நிலைத்திருக்கிறது. தந்தையின் நண்பர் கபிலர் அவர்களை அழைத்துக்கொண்டு அரசர் வாயில்களுக்குச் சென்று மணம் பேசினார். விச்சிக்கோன் ஏற்கவில்லை, இருங்கோவேள் ஏற்கவில்லை. ஆதரவற்ற பெண்களை உலகம் எப்படி மறுக்கும் என்பதற்குத் தமிழ் வைத்திருக்கும் மிகப் பழைய சான்று இது. அந்தப் பெயர்களை எடுத்து, மறுக்கப்படுவதையே நகைப்பாக்கி, கோடிக்கணக்கான பணம் புரளும் படத்தில் வைத்தார்கள். அன்றே தமிழறிந்தோர் சிலர் கண்டித்தனர். கண்டனம் கொட்டகையின் சிரிப்பொலியில் அமிழ்ந்தது. தம் சொந்த நிறத்தோடு வந்து தமிழர் மனத்தை வென்ற ஒருவரின் படத்திலேயே இது நிகழ்ந்தது என்பதுதான் நம்மை மிக வருத்துகிறது. அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் அக்காட்சி இருந்திராது. முன்னணி நாயகரின் ஒப்புதல் இன்றி எந்தக் காட்சியும் திரையேறாத தொழில் இது.

விளம்பரத்தின் கதையும் இதுவே. 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற களிம்பு 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. வெளுத்தால் வேலை கிடைக்கும், வெளுத்தால் வரன் கிடைக்கும் என்று அரை நூற்றாண்டாக வீட்டுக்கூடத்தில் பாடம் நடத்தியவை அவ்வகை விளம்பரங்கள். முகம் கொடுத்தோர் திரை நட்சத்திரங்கள். 2020 மே மாதம் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலர் பிடியில் மூச்சடைத்து இறந்தபோது, இந்தியத் திரையுலகினர் பலர் இரங்கல் எழுதினர். வெளுப்புக் களிம்புக்கு முகம் கொடுத்தோரும் அவர்களுள் இருந்தனர். 'தமிழன்' என்ற தமிழ்ப் படத்தில்தான் முதன்முதலாக நாயகியாகத் தோன்றிய பிரியங்கா சோப்ராவும் அன்று கேள்விக்கு உள்ளானார். அவ்விளம்பரங்களில் நடித்தமைக்கு வருந்துவதாக அவர் வெளிப்படையாகக் கூறியதையும் இங்குப் பதிய வேண்டும். அந்த அளவுக்கேனும் வாய் திறந்தவர் சிலரே. 2020 ஜூலையில் களிம்பின் பெயரில் இருந்த 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. கோத்தகிரியில் பிறந்த சாய் பல்லவியோ, எந்த ஊர்வலமும் இரங்கலும் எழுமுன்னரே, 2019இல், இரண்டு கோடி ரூபாய் என்று சொல்லப்பட்ட அத்தகைய ஒரு விளம்பரத்தை வேண்டாமென்று விட்டவர். கொள்கைக்கு விலை கொடுப்பது எப்படி என்று அறிய விரும்பும் நட்சத்திரங்கள் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை.

நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்ட படங்களிலும் இந்தக் கேள்வி நம்மை விடுவதில்லை. 2021இல் வந்த 'ஜெய் பீம்' நாம் போற்றும் படம். 1993இல் முதனை ஊரைச் சேர்ந்த ராஜாக்கண்ணு காவல் நிலையத்தில் கொல்லப்பட்டதையும், வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு நடத்திய சட்டப் போராட்டத்தையும் அது மக்களிடம் கொண்டு சேர்த்தது. படத்தின் நாயகர் சூர்யா, கதையில் வரும் இருளர் மக்களின் கல்விக்கு ஒரு கோடி ரூபாய் அளித்தார். செங்கேணியாக நடித்த லிஜோமோள் ஜோஸ் அம்மக்களிடையே பழகிப் பயின்று, உள்ளம் உருக நடித்தார். இவற்றில் ஒன்றையும் நாம் குறைக்கவில்லை. ஆயினும் அவர் மேனிக்கு ஒரு பூச்சு தேவைப்பட்டது. இருளர் பெண் ஒருத்தி அப்பாத்திரத்தை ஏற்க இயலாதா என்று கேட்டால், பயிற்சி பெற்றவர் இல்லையே என்று விடை வரும். பயிற்சி ஏன் இல்லை? நடிப்புப் பள்ளிகளின் கட்டணத்தையும், வாய்ப்புக் கேட்டுச் சென்னையில் ஆண்டுக்கணக்கில் அறை எடுத்துத் தங்கும் செலவையும், அறிந்தவர் அறிந்தவரை அழைத்துவரும் முறையையும் பார்த்தால் விடை தெரியும். நன்கொடை பெருந்தன்மை, அதை நாம் வணங்குகிறோம். அடுத்த படத்தில் அம்மக்களில் ஒருவரைப் பெயர் சொல்லும் பாத்திரத்தில் நிறுத்துவது நீதி. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

அப்படி நிறுத்தியவர்களும் உண்டு. தனுஷும் வெற்றிமாறனும் தயாரித்து மணிகண்டன் இயக்கிய 'காக்கா முட்டை'யில், சென்னையின் எளிய குடும்பங்களிலிருந்து வந்த ரமேஷும் விக்னேஷும் நடித்து, சிறந்த குழந்தை நட்சத்திரங்களுக்கான தேசிய விருது பெற்றனர். 2018இல் மாரி செல்வராஜ் 'பரியேறும் பெருமாள்' எடுத்தபோது, தந்தை வேடத்துக்கு நெல்லையின் தெருக்கூத்துக் கலைஞர் தங்கராசுவை அழைத்து வந்தார். வேட்டி பறிக்கப்பட்டுத் தெருவில் ஓடும் அந்தக் காட்சியைக் கண்டு கலங்காதவர் அரிது. ஆனால் படம் முடிந்து புகழ் வந்தபின்னும், வெள்ளரிக்காய் விற்றே வாழ்ந்த அவர் நல்ல கூரை இல்லாத வீட்டில் இருந்தார் என்பதும், கலை இலக்கிய அன்பர்களும் அரசு அதிகாரிகளும் முன்வந்த பிறகே அவருக்கு வீடு அமைந்தது என்பதும் நாமறிந்த செய்தி. 2023இல் அவர் மறைந்தார். கலைஞரைக் கண்டெடுப்பது ஓர் இயக்குநரின் உள்ளத்தால் நடக்கலாம். அவருக்கு அடுத்த வாய்ப்பும் முறையான ஊதியமும் கிடைப்பது தொழில் முழுவதன் பொறுப்பு. அந்தப் பொறுப்பை யாரும் ஏற்கவில்லை.

புதுச்சேரியை உலகமே பார்த்த ஒரு நாளும் வந்தது. யான் மார்ட்டெலின் நாவலைக் கொண்டு ஆங் லீ எடுத்த 'லைஃப் ஆஃப் பை' 2012இல் வெளியாயிற்று. கதைநாயகன் புதுச்சேரித் தமிழ்ச் சிறுவன். நம் தாவரவியல் பூங்கா அவன் தந்தையின் விலங்குக்காட்சிச் சாலை ஆயிற்று. பெத்தி செமினார் பள்ளி அவன் பள்ளி ஆயிற்று. நம் மக்கள் ஆயிரக்கணக்கில் கூட்டமாக நின்றனர். பெரும்பாலும் கூட்டமாக மட்டும். பதினேழு வயது நாயகன் டெல்லிச் சிறுவன், வளர்ந்த பின் அவனாகத் தோன்றியவர் ஜெய்ப்பூரில் பிறந்த இர்பான் கான், தந்தை அசாமின் ஆதில் உசேன், தாய் தபு. கடல் தைவானில் கட்டிய நீர்த்தொட்டி. இவர்களின் நடிப்பாற்றலை நாம் வணங்குகிறோம். இர்பான் போன்றோர் ஒரு தலைமுறைக்கு ஒருவரே வருவர். எனினும், இந்தியாவில் நடத்திய அந்தத் தேடலில் கதையின் சொந்த ஊரிலிருந்து முதன்மை வேடத்துக்கு ஒரு குரல்கூட முன்னே வராமற்போனது தற்செயல் என்று நம்ப மனம் ஒப்பவில்லை.

அப்படத்துக்கு 2013 பிப்ரவரி 24 அன்று நான்கு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. அதே மாதம், அப்படத்தின் புலியையும் கடலையும் கணினியில் உருவாக்கிய 'ரிதம் அண்ட் ஹியூஸ்' நிறுவனம் கடனில் மூழ்கித் திவால் அறிவித்திருந்தது. விழா அரங்குக்கு வெளியே வேலையிழந்த கலைஞர்கள் முழக்கமிட்டனர். உள்ளே, காட்சி விளைவுகளுக்கான விருதைப் பெற்ற பில் வெஸ்டன்ஹோபர் தம் நிறுவனத்தின் துயரத்தைச் சொல்லத் தொடங்கியபோது, இசையை எழுப்பி, ஒலிவாங்கியை அடைத்துவிட்டனர். மனித நேயத்தைப் பற்றி உரைகள் நிகழ்த்தப்பட்ட அதே மேடை. இரண்டாண்டு கழித்து, நடிப்புக்குப் பரிந்துரைக்கப்பட்ட இருபது பேரும் வெள்ளையர் என்று ஏப்ரல் ரெயின் என்ற பெண்மணி சுட்டிக்காட்டிய பின்னரே ஆஸ்கர் வழங்கும் அகாடமி தன் உறுப்பினர் பட்டியலைத் திருப்பிப் பார்த்தது. கேட்பவர் இருந்தால் மட்டுமே திரையுலகம் திருந்துகிறது என்பதற்கு இதுவும் சான்று.

பெண்களின் நிலைக்கு வருவோம். இங்கு நிறத்தைவிடக் கொடிய அமைதி நிலவுகிறது. டி.பி. ராஜலட்சுமி 1936இலேயே 'மிஸ் கமலா' எடுத்துத் தமிழின் முதல் பெண் இயக்குநர் ஆனார். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் ஆகியும் பெண் இயக்குநரை இன்றும் விதிவிலக்காகவே எண்ணுகிறோம். இயக்கம் பெரிய பொறுப்பு என்று ஒதுக்கி வையுங்கள். மும்பைத் திரையுலகில் பெண்கள் தலைவாரலாம், ஒப்பனை செய்யக்கூடாது என்று ஒரு தொழிற்சங்கம் விதி வைத்திருந்தது. 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவ்விதியை நீக்கும் வரை அது நடைமுறையில் இருந்தது. பெண்ணின் விடுதலையைப் படம்தோறும் பாடிய நாயகர்கள், தங்கள் முகத்துக்கு ஒப்பனை செய்யும் அறைக்குள் பெண் வரக்கூடாதென்ற விதியை நாள்தோறும் தாண்டித்தான் படப்பிடிப்புக்குச் சென்றார்கள்.

2018இல் பாடகி சின்மயி கவிஞர் வைரமுத்து மீது பாலியல் குற்றச்சாட்டு எழுப்பினார், வைரமுத்து மறுத்தார். உண்மையை முறையான விசாரணையே தீர்மானிக்க வேண்டும். ஆனால் அடுத்து நடந்தது விசாரணையன்று. சில வாரங்களில் டப்பிங் கலைஞர் சங்கத்திலிருந்து சின்மயி நீக்கப்பட்டார். சந்தா நிலுவை காரணமாகக் காட்டப்பட்டது. 2023இல் 'லியோ' படத்துக்கு அழைக்கப்பட்டு, அவருடைய குரல் மீண்டும் தமிழ்ப் பட நாயகிக்கு ஒலித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், திரையில் பெண்ணுக்காக வாளெடுத்த நாயகர்களிடமிருந்து ஒரு வலுவான சொல்லை நாம் கேட்கவில்லை.

கேரளத்தில், மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய நீதிபதி ஹேமா குழு 2017இல் அமைந்தது. அறிக்கை 2019 டிசம்பர் 31 அன்று அளிக்கப்பட்டு, நாலரை ஆண்டு அரசிடம் உறங்கி, 2024 ஆகஸ்டு 19 அன்று வெளிவந்தது. சில நாள்களில் மலையாள நடிகர் சங்கத்தின் நிர்வாகக் குழு முழுவதும் பதவி விலகியது. தமிழகத்தில்? ராதிகா சரத்குமார், கேரவன்களில் ஒளிப்படக் கருவிகள் மறைத்து வைக்கப்பட்டதைத் தாம் அறிந்ததாகச் சொன்னார். முன்னணி நாயகர் ரஜினிகாந்திடம் அறிக்கையைப் பற்றிக் கேட்டபோது, தமக்கு அதுபற்றித் தெரியாது என்றார். செப்டம்பர் தொடக்கத்தில் நடிகர் சங்கம் கூடி, குற்றம் உறுதியானோர்க்கு ஐந்தாண்டுத் தடை என்று தீர்மானித்தது, நல்லது. அதே தீர்மானத்தில், பாதிக்கப்பட்டோர் ஊடகத்திடம் பேசாமல் சங்கத்தின் குழுவிடம் வரவேண்டும் என்றும் சேர்த்தது. பேசத் துணிந்தவளின் வாயையும் மூடச் சொல்லும் தீர்மானத்தை நாம் ஏற்க இயலாது.

புதுச்சேரிக்கு இதில் என்ன செய்ய முடியும் என்று சிலர் கேட்கலாம். திரையுலகினர் சிலருக்கு நம் ஊர் ஒரு பின்னணிச் சுவர். சிலருக்கு ஒரு முகவரி. சாலை வரியைக் குறைக்கப் புதுச்சேரி முகவரியில் சொகுசு மகிழுந்துகளைப் பதிவு செய்தனர் என்று மலையாள நடிகர் சிலர் மீது கேரளக் குற்றப்பிரிவு 2017இல் வழக்குப் பதிந்ததை நாம் மறக்கவில்லை. ஆனால் பின்னணியாக இருப்பவனுக்கும் நிபந்தனை விதிக்கும் உரிமை உண்டு. தெருவையும் கடற்கரையையும் தருவது நம் அரசு. அனுமதி நம் கையில் இருக்கிறது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு வேண்டும் என்பது, பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டின் சட்டம். படப்பிடிப்புத் தளமும் பணியிடமே என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அந்தக் குழுவின் உறுப்பினர் பெயர்களைத் தளத்தில் எழுதி வைக்காத எந்தப் படக்குழுவுக்கும் புதுச்சேரியில் அனுமதி இல்லை என்று அரசு ஆணையிடலாம். துணை நடிகராக நிற்கும் நம் மக்களுக்கு ஊதியம் முகவர் கையில் சிதறாமல் நேரே வங்கிக் கணக்குக்குச் செல்ல வேண்டும் என்றும், பெயர்ப் பட்டியலில் அவர்கள் பெயர் வரவேண்டும் என்றும் சேர்க்கலாம்.

கனகசெட்டிக்குளத்துக்குத் தெற்கே சிறிது தொலைவில் காலாப்பட்டு. அங்கே புதுவைப் பல்கலைக்கழகம். அதில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் எனப் போற்றப்படும் அவர் 1922இல் இம்மண்ணில்தான் மறைந்தார். இந்திரா பார்த்தசாரதி தொடங்கி வைத்த அப்பள்ளியில், ஒடுக்கப்பட்டோரின் பாட்டையும் ஆட்டத்தையும் மேடையேற்றிய கே.ஏ. குணசேகரன் ஆசிரியராக இருந்தார். பயிற்சி பெற்றவர் கிடைக்கவில்லை என்று சொல்லும் தயாரிப்பாளரின் வண்டி அப்பள்ளியின் வாயிலைக் கடந்துதான் போகிறது. அங்கே நின்று கேட்டாலே போதும். மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அப்பள்ளியில் உதவித்தொகையோடு இடங்களை ஒதுக்குவது அரசின் வேலை. அவ்விடங்களிலிருந்து வெளிவருவோருக்கு வேடம் கொடுப்பது படக்குழுவின் வேலை. ஆண்டுதோறும் சிறந்த தமிழ்ப் படத்துக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் விருது வழங்கும் நம் அரசு, தேர்வுக் குழுவினர் திரையில் யார் இருந்தார் என்பதோடு தளத்தில் யார் இருந்தார் என்பதையும் கேட்கப் பணிக்கலாம்.

நட்சத்திரங்களிடம் நாம் வேண்டுவது உரையன்று. 2018இல் ஆஸ்கர் மேடையில் பிரான்சிஸ் மெக்டார்மண்ட், நடிகர்கள் தங்கள் ஒப்பந்தத்திலேயே பலதரப்பட்டோருக்கு இடம் கேட்டு விதி எழுதலாம் என்று நினைவூட்டினார். நம் நாயகர்கள் கதையை மாற்றுகிறார்கள், இயக்குநரை மாற்றுகிறார்கள், வெளியீட்டு நாளை மாற்றுகிறார்கள். ஒப்பந்தத்தில் ஒரு பத்தியைச் சேர்க்க அவர்களால் இயலும். அடுத்த படப்பிடிப்புக்கு அனுமதி கேட்டுப் புதுச்சேரி அரசுக்கு வரும் விண்ணப்பத்தோடு அந்தப் பத்தியின் படியும் இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நாம் கோருகிறோம்.